டிக் வெல்டிங் பழகும் பிள்ளைக்கு என்ன சாமான் வாங்குவது?

அம்மாவோ அப்பாவோ வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வருகிற சேமலாப நிதிக் காசில், மகனுக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிக் கொடுக்கும் வீடுகளை நமது தோட்டங்களில் இப்போது பார்க்கிறோம். கூர் வெல்டிங், மிக், டிக் மூன்றையும் ஒரே பெட்டியில் செய்யலாம் என்கிற மெஷினைத்தான் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அப்படி வாங்கிய ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. அந்த அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த பணம். டோர்ச்சைப் பூட்டி வேலையைத் தொடங்கினால் டங்ஸ்டன் ஊசி உடனே கருகிப் போகிறதாம். மெஷின் பழுது என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டாகிவிட்டது.

நாங்கள் வெல்டர்மார் அல்ல. அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு பயிற்சி ஆசிரியரிடம் போய், கேட்டு எழுதிக்கொண்டு வந்ததைத்தான் இங்கே தருகிறோம்.

மெஷினில் ஒரு பழுதும் இல்லை. மிக் வெல்டிங்குக்கு வாங்கிய காபனீரொட்சைட்டு சிலிண்டரையே டிக்குக்கும் பூட்டியிருந்தார்கள். டிக்குக்குக் கலப்பில்லாத ஆகன் காஸ்தான் வேண்டும். மிக்குக்கு விற்கிற கலவைக் காஸும் சரிவராது, அதுவும் டங்ஸ்டனை எரித்துவிடும். உண்மையில் கூடுதல் செலவு இந்தச் சிலிண்டரில்தான். ஆகையால் மெஷினுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே, ஆகன் எங்கே நிரப்பித் தருவார்கள், ஏற்றுக்கூலி எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காஸ் அளவு காட்டும் ரெகுலேட்டரும் வேண்டும். நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் போதும். கூடத் திறந்தால் நல்லது என்று நினைக்கக் கூடாது. காஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும்.

அடுத்தது, மெஷின் டி.சி. மட்டும் தருமா, ஏ.சி.யும் தருமா என்று பாருங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் டி.சி. மட்டும்தான். அதில் இரும்பும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலும் ஒட்டலாம். அலுமினியம் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பி அதற்கான சாமான்களை வாங்கிவிடாதீர்கள்.

டோர்ச்சில் 17ஆம் இலக்கம் பழகுபவருக்குப் போதும். சுமார் 150 அம்பியர் வரை தாங்கும். மெஷினுக்குள்ளே காஸ் திறந்து மூடும் அமைப்பு இல்லாவிட்டால், கைப்பிடியிலேயே வால்வு உள்ள டோர்ச்சைக் கேளுங்கள். செருகும் முனையில் சிறிசும் பெரிசும் உண்டு. மெஷினைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், ஆன்லைனில் எடுப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். டோர்ச் மைனஸில், எர்த் பிளஸில். மாற்றிக் கொடுத்தால் ஊசி உருகும்.

டங்ஸ்டனை நிறம் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு நுனி தோரியம் கலந்தது. அதில் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு, தீட்டும்போது பறக்கிற தூசி மூச்சில் போகக் கூடாது. சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலில் வைத்துத் தீட்டுகிற நமக்கு அது வேண்டாம். சாம்பல், தங்க, நீல நிற நுனிகளில் தோரியம் இல்லை, வேலையும் நன்றாக வரும். மெல்லிய தகட்டுக்கு 1.6 மில்லிமீற்றர், கொஞ்சம் தடித்ததற்கு 2.4. ஊசியைப் பிடிக்கும் கொலட்டும் அதே அளவில் இருக்க வேண்டும். ஊசியைக் குறுக்காக அல்ல, நீளவாக்கில் தீட்டுங்கள்.

நிரப்பும் கம்பி இரும்புக்கு ஈ.ஆர். 70எஸ்-6, 304 ரக ஸ்டெயின்லஸ் ஸ்டீலுக்கு ஈ.ஆர். 308எல். ஆரம்பத்தில் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் போதும். மெல்லிய தோல் கையுறை, நல்ல ஹெல்மட் இரண்டையும் விட்டுவிட்டு காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நம் மலையில் காற்றுக் காலத்தில் வெளியே நின்று டிக் பிடிக்க முடியாது. காஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், தையல் முழுக்க ஓட்டை விழும். அதற்காகக் காம்பிராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் செய்யாதீர்கள். ஆகனுக்கு மணம் கிடையாது, காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி, மூச்சு விடும் ஒட்சிசனைத் தள்ளிவிடும். ஆட்கள் படுத்துறங்கும் இடத்தில் சிலிண்டர் வைப்பதே பிழை. வெளியே தாழ்வாரத்தில், நிமிர்த்தி, சங்கிலி போட்டுக் கட்டி வையுங்கள். காம்பிராவின் பழைய வயரிங்கும் இந்த மெஷினைத் தாங்காது. தனி வயர் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் மெஷினுக்கு விலை பேச வேண்டும்.