தொங்கல் தொகுதி: பிக்கப் வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்தல்

பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்புறத்தில் இலைவில் பயன்படுத்தப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் தோற்றத்துக்காக இவற்றின் பின்புறத்தைத் தாழ்த்தும் வழக்கம் உண்டு. அதற்கான பாகங்களை வேறு கம்பனிகள் தயாரித்து விற்கின்றன.

முறைகள்

1. அச்சு வில்லின் மேலே உள்ள வண்டி: இரண்டுக்கும் இடையில் இடைக்கட்டை வைத்து, நீளமான யூ வடிவ ஆணிகளால் இறுக்கப்படும். கட்டையின் உயரத்துக்குச் சமமாக வண்டி தாழும்.

2. அச்சு வில்லின் கீழே உள்ள வண்டி: அச்சு வில்லின் மேலே மாற்றிப் பொருத்தப்படும்.
தாழும் உயரம் = அச்சுக் குழாயின் விட்டம் + வில்லின் தடிப்பு
(தாங்கு தட்டுகளின் தடிப்பு புறக்கணிக்கப்பட்டுள்ளது)

கவனிக்க: இரண்டாம் வகை வண்டியில் அச்சை மாற்றாது இடைக்கட்டையை மட்டும் வைத்தால் வண்டி தாழாது, உயரும்.

உதாரணம்

இரண்டாம் வகை வண்டியொன்றின் அச்சுக் குழாயின் விட்டம் 75 மி.மீ., வில்லின் தடிப்பு 50 மி.மீ. சுமையற்றபோது அச்சுக்கும் அதற்கு மேலுள்ள சட்டகத்துக்கும் இடைவெளி 150 மி.மீ. இரு விற்களும் சேர்ந்து 1 மி.மீ. அமுங்க 100 நியூற்றன் விசை தேவை. அச்சை மாற்றியபின், பின் அச்சின் மீது 500 கி.கி. ஏற்றினால் யாது நிகழும்?

விடை:
தாழும் உயரம் = 75 + 50 = 125 மி.மீ.
எஞ்சும் இடைவெளி = 150 − 125 = 25 மி.மீ.
சுமையின் நிறை = 500 × 10 = 5000 நியூற்றன்
வில் அமுங்க வேண்டிய அளவு = 5000 ÷ 100 = 50 மி.மீ.
இடைவெளி போதாமையால் அச்சு சட்டகத்தில் முட்டும்.

இங்கு வில்லின் விறைப்பு மாறவில்லை. அது அசைவதற்கான இடமே குறைந்துள்ளது. எனவே அச்சுக்கு நேர் மேலே சட்டகம் வளைவாக வெட்டப்பட்டு, உருக்குத் தகட்டால் வலுப்படுத்தப்படும். வலுப்படுத்தாது வெட்டினால் சட்டகம் வளையலாம் அல்லது வெடிக்கலாம்.

தாழ்த்தியபின் கவனிக்க வேண்டியவை

• அதிர்ச்சி உறிஞ்சி: நீளம் குறைந்தது பொருத்தப்பட வேண்டும்.
• முன்விளக்கு: பின்புறம் தாழ்ந்தால் ஒளி மேல்நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஒளியின் திசையைச் சரிசெய்தல் வேண்டும்.
• பிரேக்: சில வண்டிகளில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அமுக்கத்தை மாற்றும் வால்வு உண்டு. சட்டகம் அச்சை நெருங்குவதை அது சுமையாகக் கொண்டு அமுக்கத்தைக் கூட்டும். வெறும் வண்டியில் பின் சில்லுகள் இறுகி வழுக்கலாம். ஆகவே வால்வும் சரிசெய்யப்பட வேண்டும்.

பயிற்சி

மேற்படி வண்டியில் சட்டகத்தை வெட்டி இடைவெளியை 75 மி.மீ. கூட்டினால், அதே சுமையுடன் எஞ்சும் இடைவெளி யாது? (விடை: 50 மி.மீ.)