பாலன் பிறப்பு: முதலில் பீடம், பின்னர் பந்தி

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் வேலைக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பிக்க வேண்டும். கேக்குக்கும் பலகாரத்துக்கும் சாமான் சேர்க்க வேண்டும். பாடசாலையில் ஒளிவிழா, அலுவலகத்தில் ஒளிவிழா, சங்கத்தில் ஒளிவிழா என்று அழைப்புகள் வேறு. இவையெல்லாம் முடிந்து 24ஆம் திகதி இரவு வரும்பொழுது தாய் நிற்க இயலாமல் களைத்திருக்கிறாள். தகப்பன் செலவுக் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் நித்திரைக் கலக்கத்தில் இருக்கிறார்கள். அந்த வேளையிலேதான் கோயில் மணி அடிக்கிறது. யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவரைச் சந்திக்கும் நேரத்தில், நம்மிடம் மிஞ்சியிருப்பது சோர்வு ஒன்றுதான்.

அன்பான வாசகர்களே, கொண்டாட்டமே கூடாது என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. இறைவாக்கு ஊனுடல் எடுத்ததையே நாம் விழாவாகக் கொள்கிறோம். ஆகவே உடலுக்குரிய உணவும் உடையும் உறவினர் கூடி மகிழ்வதும் இவ்விழாவுக்குப் புறம்பானவை அல்ல. இங்கே எழும் கேள்வி ஒழுங்கைப் பற்றியது. எது முதலாவது, எது இரண்டாவது? இதற்கான விடையைத் திருச்சபை தன் வழிபாட்டு ஆண்டிலேயே நமக்கு வகுத்துத் தந்திருக்கிறது. அதைக் குடும்பமாகச் சற்று ஆராய்வோம்.

1. காத்திருக்கும் காலம்

புனித அந்திரேயாவின் திருநாளாகிய கார்த்திகை 30க்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இக்காலத்தில் நான்கு ஞாயிறுகள் உண்டு. குருவானவர் ஊதா உடை அணிகிறார். ஞாயிறு திருப்பலிகளில் ‘உன்னதங்களிலே’ என்னும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. இது துக்கத்தின் அடையாளமன்று. பெத்லகேம் வயல்வெளியில் சம்மனசுக்கள் பாடிய அந்தக் கீதத்தைப் பாலன் பிறப்பு இரவில் புதிதாகப் பாடுவதற்காகவே திருச்சபை தன் நாவை அடக்கிக் காத்திருக்கிறது.

1969இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட வழிபாட்டு ஆண்டுக்கான ஒழுங்குகள் இக்காலத்துக்கு இரண்டு நோக்கங்களைக் காட்டுகின்றன. ஆண்டவரின் முதல் வருகையை நினைவுகூரும் விழாவுக்கு ஆயத்தம் செய்வது ஒன்று. உலக முடிவில் அவர் மீண்டும் வருவதற்குக் காத்திருப்பது மற்றொன்று. ஆகவேதான் முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. விழித்திருங்கள் என்னும் எச்சரிக்கையையே கேட்கிறோம்.

நாமோ இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறோம். திருவருகைக் காலம் முழுவதும் விழாக் கொண்டாடிவிட்டு, விழா தொடங்கும் நாளில் ஓய்வெடுக்கப் போய்விடுகிறோம். மார்கழி முதல் வாரத்திலேயே ஒளிவிழா நடத்தி, கேக் வெட்டி, நத்தார் தாத்தாவிடம் பரிசு வாங்கிய பிள்ளைக்கு 25ஆம் திகதி எதைப் புதிதாகத் தரப்போகிறது?

2. இறுதி எட்டு நாட்கள்

மார்கழி 17 முதல் 24 வரையுள்ள நாட்களைத் திருச்சபை தனிக் கவனத்தோடு நடத்துகிறது. 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியன்னையின் புகழ்ப்பாடலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளும் ஒரு விசேட முன்மொழி சொல்லப்படுகிறது. அது வரப்போகும் மீட்பரை ஒரு பெயர் சொல்லி அழைக்கும் விளிப்பு. ஞானம், ஆண்டவர், யெஸ்ஸேயின் வேர், தாவீதின் திறவுகோல், உதய ஒளி, மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என்பவை அந்த ஏழு பெயர்கள். இலத்தீன் மொழியில் இவற்றின் முதலெழுத்துக்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசித்தால் ‘நாளை வருவேன்’ என்னும் பொருள் வரும்.

இந்த ஏழு பெயர்களும் குடும்ப செபத்துக்கு மிக ஏற்றவை. செபமாலை முடிந்தபின் அந்நாளுக்குரிய பெயரைச் சொல்லி, “வாரும், ஆண்டவரே” என்று வீட்டார் அனைவரும் சேர்ந்து அழைக்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் போதும்.

முன்னைய திருச்சபைச் சட்டத்தின்படி பாலன் பிறப்பின் முன்தினம் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாள். 1966க்குப் பின் அந்தக் கடமை இல்லை. ஆனாலும் பசியோடு காத்திருப்பவனுக்குத்தான் விருந்தின் அருமை தெரியும் என்ற நம் முன்னோரின் ஞானம் மாறிவிடவில்லை. விரும்பிய குடும்பங்கள் அன்று எளிய உணவோடு நின்று, மிஞ்சுவதை அயலிலுள்ள ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஒதுக்கலாம்.

3. நான்கு திருப்பலிகள், ஒரே மறைபொருள்

பாலன் பிறப்புக்கு நான்கு திருப்பலிகள் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவை முந்திய மாலைத் திருப்பலி, இரவுத் திருப்பலி, விடியற்காலைத் திருப்பலி, பகல் திருப்பலி என்பன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசகங்கள் உள்ளன.

மாலையில் வாசிக்கப்படுவது புனித மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையும் சூசையப்பரின் கனவும். பாவிகளும் பிற இனத்தாரும் இடம்பெறும் ஒரு பரம்பரையிலேயே மீட்பர் பிறந்தார் என்று அது நமக்குச் சொல்லுகிறது. இரவில் புனித லூக்காஸ் எழுதிய பிறப்பு வரலாற்றையும் வானவரின் பாடலையும் கேட்கிறோம். விடியற்காலையில் இடையர்கள் விரைந்து சென்று குழந்தையைக் காண்கிறார்கள். மரியன்னை யாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்திக்கிறார். பகலிலோ தீவனத் தொட்டியும் இல்லை, இடையரும் இல்லை. ஆதியிலே கடவுளோடு இருந்த வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டதைப் புனித அருளப்பர் அறிவிக்கிறார். மாட்டுக்கொட்டிலில் தொடங்கி இறைவனின் நித்திய வாழ்வு வரை திருச்சபை நம்மைப் படிப்படியாக அழைத்துச் செல்கிறது.

நான்குக்கும் போக வேண்டுமென்ற கட்டளை இல்லை. இரவுத் திருப்பலிக்குப் போனவர்கள் பகல் திருப்பலியின் நற்செய்தியை 25ஆம் திகதி மாலை வீட்டிலே குடும்பமாக வாசிக்கலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வாசிக்கட்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. விசுவாசப் பிரமாணத்தில், ஆண்டவர் கன்னி மரியாளிடம் உடலெடுத்து மனிதரானார் என்று அறிக்கையிடும் இடத்தில் மற்றைய ஞாயிறுகளில் தலைவணங்குகிறோம். இத்திருநாளிலோ முழந்தாட்படியிடுகிறோம். ஆண்டில் இன்னொரு நாளிலும், பங்குனி 25ஆம் திகதி மங்கள வார்த்தைத் திருநாளிலும், இவ்வாறு செய்கிறோம். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏன் முழந்தாளிடுகிறோம் என்று அறிந்த பிள்ளைக்குப் பாலன் பிறப்பின் பொருள் அந்த ஒரு செய்கையிலேயே விளங்கிவிடும்.

4. குடிலும் பீடமும்

வீடுகளிலும் கோயில்களிலும் நாம் கட்டும் பாலன் குடிலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1223ஆம் ஆண்டு, தாம் மரிப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் மலையூரில் பாலன் பிறப்பைக் கொண்டாடினார். ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் அங்கே ஆயத்தம் செய்யப்பட்டன. ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்தார்கள். அந்தத் தீவனத் தொட்டியின்மீது குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தியாக்கோனாக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கம் செய்தார்.

அவருடைய வரலாற்றை முதன்முதல் எழுதிய செலானோ தோமையார் அந்தத் தொட்டியில் சொரூபம் எதுவும் வைக்கப்பட்டதாகக் கூறவில்லை. திருப்பலியில் அப்ப வடிவில் வந்த ஆண்டவரே அங்கே பாலன். பெத்லகேம் என்னும் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். உயிர்தரும் உணவாக வந்தவர் பிறந்தவுடன் உணவு வைக்கும் தொட்டியிலேயே கிடத்தப்பட்டார். ஆகவே குடில் நமக்குக் காட்டும் வழி பீடத்துக்குச் செல்லும் வழி. மின்குமிழும் சோடனையும் நிறைந்த குடிலைக் கட்டிவிட்டு, நற்கருணை உட்கொள்ளாமல் திரும்பி வருவோமானால் பாதி வழியிலேயே நின்றுவிட்டோம்.

பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் திகதிக்கு ஒத்திவைக்க வேண்டாம். அன்று வரிசை நீளம், நேரம் குறைவு. ஒரு வாரம் முன்னரே குடும்பமாகச் சென்று அமைதியாகச் செய்துகொள்ளுங்கள். நீண்டகாலம் பேசாதிருக்கும் சகோதரனோடும் அயலவனோடும் ஒப்புரவாகிக்கொள்வதும் அதே வாரத்துக்குரிய வேலை.

5. மார்த்தாளின் அடுப்படி

பெத்தானியாவில் மார்த்தாள் ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுப் பணிவிடை செய்தாள். அவள் சமைத்ததற்காக ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கியதையே சுட்டிக்காட்டினார் (லூக்காஸ் 10: 38-42). நம் இல்லங்களிலும் குற்றம் அடுப்படியில் நிற்கும் தாயுடையதன்று. அவளைத் தனியே விட்டுவிட்டு மரியாளைப் போல் ஆண்டவரின் பாதத்தில் அமரச் சொல்வது நியாயமுமன்று. வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரிய திருவருகைக் காலத் தவம்.

நாலுவகைப் பலகாரத்துக்குப் பதிலாக இரண்டு வகை போதும். பயற்றம் பணியாரத்தையும் முறுக்கையும் 22ஆம் திகதியே செய்து டின்னில் அடைத்துவிடலாம். 24ஆம் திகதி பிற்பகல் எல்லாரும் சற்றுப் படுத்தெழும்பி, அந்த இரவின் நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்படட்டும். மதுபோத்தல் திறந்த வீட்டில் அந்த அமைதி நிலைக்காது. குடித்த வாயோடு நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும் தகப்பனை அவருடைய மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறவாதிருப்போம்.

6. அயல்வீட்டை நினைப்போம்

நகையை அடைவு வைத்து நத்தார் கொண்டாடும் வீடுகள் நம்மிடையே உண்டு. அயலாரின் சோடனைக்குத் தம் சோடனை குறையக்கூடாது என்ற எண்ணமே பல வேளைகளில் அதற்குக் காரணம். புது உடுப்பு இல்லையே என்று கோயிலுக்கு வர வெட்கப்படும் குடும்பங்களும் உண்டு. இந்த வெட்கத்துக்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள். சத்திரத்தில் இடமின்றிப் பிறந்தவரின் விழாவுக்கு, உடையைப் பார்த்து எவரும் தயங்கி நிற்கலாகாது. வசதியுள்ளவர்கள் எளிமையாக உடுத்தி வந்தால் வசதியற்றவர்கள் தலைநிமிர்ந்து வருவார்கள்.

விழாவுக்கு எது இன்றியமையாதது என்பதை நம் மக்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவ்வாண்டு பாலன் பிறப்பைப் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் பாடசாலைகளிலும் கொட்டில்களிலும் தங்கியிருந்து கண்ட குடும்பங்கள் பல. கேக்கும் புது உடுப்பும் சோடனையும் இல்லாமற்போனதால் ஆண்டவர் வராமல் விடவில்லை.

2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். விழாவின் மறுநாட் காலையில் கடல் எழுந்து வந்து நம் கரையோரக் குடும்பங்களைச் சிதைத்தது. முல்லைத்தீவிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகள் வரை இன்றும் பல இல்லங்களுக்கு நத்தாரின் மறுநாள் துக்கநாள். அவ்வீடுகளுக்குச் சென்று, இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஒரு செபமாலை சொல்வதும் பாலன் பிறப்பின் வழிபாட்டைச் சேர்ந்ததுதான்.

7. இருபத்தைந்துடன் முடிவதில்லை

திருச்சபைக்கு இவ்விழா ஒரு நாளில் முடிவதில்லை. 26இல் முதல் வேதசாட்சியான புனித முடியப்பரையும், 27இல் புனித அருளப்பரையும், 28இல் ஏரோதன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளையும் நினைவுகூருகிறோம். எட்டாம் நாளாகிய தை 1 இறைவனின் தாய் மரியாளின் பெருவிழா. 1968 முதல் அது உலக சமாதான தினமாகவும் அமைந்துள்ளது. அதன்பின் மூன்று இராசாக்கள் திருநாள் வருகிறது. ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவோடு இக்காலம் நிறைவுபெறுகிறது.

ஆகவே உறவினரைச் சந்திப்பதையும் விருந்தளிப்பதையும் பரிசு கொடுப்பதையும் இந்த நாட்களுக்கு ஒதுக்கலாம். ஒளிவிழாவையும் இயன்றவரை இந்நாட்களில் வைக்கச் சங்கங்கள் சிந்திக்கலாம். இயலாவிட்டால், அதிலே திருவருகைக் காலத்துக்குரிய வாசகத்துக்கும் செபத்துக்கும் முதலிடம் கொடுக்கலாம். வீட்டுக் குடிலை 26ஆம் திகதி பிரிக்காமல் திருமுழுக்கு விழா வரை வைத்து, ஒவ்வொரு இரவும் அதன்முன் குடும்ப செபம் சொல்லுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. சென்ற ஆண்டு பாலன் பிறப்பு இரவில் கேட்ட நற்செய்தியில் எதை நினைவில் வைத்திருக்கிறோம்?

2. இவ்வாண்டு எந்த ஒரு செலவை, எந்த ஒரு வேலையை நம் வீட்டில் விட்டுவிடலாம்? அந்தப் பணமும் நேரமும் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

3. திருப்பலிக்கு முன் நாம் ஒப்புரவாக வேண்டியவர் யார்?

இந்த மூன்று கேள்விகளையும் முதலாம் திருவருகை ஞாயிறன்றே பேசி முடிவெடுங்கள். 24ஆம் திகதி இரவு மணி அடிக்கும்பொழுது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கலங்காத மனத்தோடு ஒன்றாகப் புறப்பட அது உதவும். பீடத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பியபின் உண்ணும் ஒரு துண்டுக் கேக்கும் அன்று இனிக்கும். அத்தகைய பாலன் பிறப்பை எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களுக்கு அருள்வாராக.