இல்லக் கிணற்று நீரின் குற்றங்களும் அவற்றை நீக்கும் முறைகளும்

மக்கள் உயிர்வாழ்தற்கு இன்றியமையாத பொருள்களுள் காற்றுக்கு அடுத்து வைத்தெண்ணப்படுவது நீரேயாம். நகரங்களிலும் சிற்றூர்களிலும் இக்காலத்துக் குழாய்நீர் பரவியுளதெனினும், நம் நாட்டில் எண்ணிறந்த இல்லத்தார் தம் கொல்லைக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பி வாழ்கின்றனர். குழாய்நீரைச் சோதித்தற்கு அலுவலர் உளர். வீட்டுக் கிணற்றுக்கோ வீட்டாரே காவலர். ஆதலின் அந்நீருக்கு நேரும் குற்றங்கள் யாவை, அவற்றை நீக்கும் வழிகள் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இக்குற்றங்களைக் கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படுவன, புலப்படாதன என இருவகையாகப் பகுக்கலாம்.

புலப்படுவனவற்றுள் முதலாவது கலங்கல். மழைக்குப்பின் கலங்கிய நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தல் நம் முன்னோர் கண்ட முறை. படிகாரமும் அவ்வாறே தொழிற்படும். சிறு மண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியிற் படிய, நீர் தெளிகின்றது. ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. நோய்க்கிருமிகள் அதில் எஞ்சியிருக்கலாம்.

இரண்டாவது கடினத்தன்மை. சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிக்க நீரில் சவர்க்காரம் நுரையாது. பருப்பு எளிதில் வேகாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெண்பொருக்குப் படியும். இதனால் உடலுக்குப் பெருந்தீங்கு இல்லை. இக்கடினம் தற்காலிகமாயின் கொதிக்கவைத்து ஆறவிட்டு வடித்தால் நீங்கும். நிலையானதாயின் கொதித்தலால் நீங்காது. துணி வெளுத்தற்குச் சிறிது சலவைச் சோடா சேர்த்தல் போதும். பாத்திரத்திற் படிந்த பொருக்கைப் புளி அல்லது எலுமிச்சையின் புளிப்புக் கரைக்கும்.

மூன்றாவது இரும்பு. இறைத்தபொழுது தெளிவாயிருந்த நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பு நிறமடைந்து, வெள்ளாடையிற் கறைபடியச் செய்யுமாயின், அதில் இரும்பு கரைந்துளதென அறிக. காற்றுப்படின் அவ்விரும்பு துருவாக மாறிப் பிரியும். ஆகவே நீரை உயரத்தினின்று மெல்லிய தாரைகளாக விழச்செய்து, சில மணிநேரம் தேக்கி, மணலின் வழியே வடித்தல் தக்கது.

நான்காவது உவர்ப்பு. கடற்கரையூர்களில் நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நூலோர் கணக்கு. மேலே 1 அடி குறையின் கீழே உப்புநீர் அவ்வளவு உயர்ந்துவிடும். எனவே அங்கே ஆழத் தோண்டுதலும் பொறியால் மிக இறைத்தலும் கேட்டையே விளைக்கும். மழைநீரைக் கிணற்றுக்கு ஊட்டுதலே நிலைத்த மருந்து. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டமை பலரும் அறிந்ததே.

இனிப் புலப்படாதனவற்றை நோக்குவாம். இவையே பெரிதும் அஞ்சத்தக்கன. 1854ஆம் ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபொழுது, பிராட் தெருவின் இறைகுழாயிலிருந்து வந்த நீரே அதற்குக் காரணமென மருத்துவர் ஜான் ஸ்நோ காட்டினார். கிணற்றுக்குக் கழிவுக்குழி 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில், தாழ்ந்த பக்கத்தில் இருத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவரும், வெடிப்பற்ற சிமெண்டுத் தளமும், மேல்மூடியும் அமைதல் நன்று. குடிநீரைத் தளதளவென ஒரு நிமிடமேனும் கொதிக்கவைப்பின் கிருமிகள் மாளும்.

கிணறு முழுவதையும் தூய்மை செய்யப் பிளீச்சிங் பவுடர் உதவும். 1,000 லிட்டர் நீருக்குப் புதிய பொடி 2.5 கிராம் என்பது பொதுவளவு. கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், நீரின் ஆழம் 5 மீட்டர் எனின், நீர் ஏறக்குறைய 15,700 லிட்டராம். அதற்குப் பொடி 40 கிராம் வேண்டும். பொடியை வாளியிற் குழைத்து, நீர்விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுக. அடியிற் படிந்த சுண்ணத்தை விலக்கித் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை ஏற்றியிறக்கி நன்கு கலக்குக. ஒரு மணிநேரமேனும் கழிந்தபின்னரே நீர் எடுக்கலாம். இரவில் இட்டு விடியலில் எடுத்தல் வசதியாம்.

ஆனால் கொதிக்கவைத்தால் எல்லாக் குற்றமும் தீரும் என்று கருதுதல் பெரும்பிழை. புளூரைடு, நைட்ரேட்டு என்னும் இரண்டும் கொதித்தலால் அழியா. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் அவற்றின் செறிவு மிகும். மிக்க புளூரைடு பற்களிற் கறை தோற்றுவித்து, நாளடைவில் எலும்புகளை முடக்கும். அந்நாளைச் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் 1937ஆம் ஆண்டிலேயே விளக்கியுரைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதன் கொடுமையைத் தவிர்க்கவே 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் செயற்படத் தொடங்கியது. நைட்ரேட்டோ உரத்தினின்றும் கழிவினின்றும் நிலத்துள் இறங்குவது. அந்நீரிற் பால்மாவு கரைத்து ஊட்டப்பெறும் கைக்குழந்தையின் உடல் நீலம்பாரித்து உயிருக்கே இடர் நேரலாம். இந்திய அளவைப்படி ஒரு லிட்டரில் புளூரைடு 1.5 மில்லிகிராமும், நைட்ரேட்டு 45 மில்லிகிராமும் மிகுதல் ஆகாது. மிகுந்துழி ஆர்.ஓ. கருவியால் வடித்தலோ, குடித்தற்கும் சமையற்கும் வேறு நீர் கொள்ளுதலோ வேண்டும். குளித்தற்கும் துவைத்தற்கும் அக்கிணற்று நீரே ஏற்றது.

ஆதலின் நோயறியாமல் மருந்திடுதல் போல, சோதியாமல் நீரைத் திருத்தப் புகுதல் பொருந்தாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் நம் கிணற்று நீரை அங்கே சோதிப்பித்து, அதன் குற்றம் இன்னதெனத் தெளிந்து, அதற்குரிய முறையை மேற்கொள்வோமாக. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்றிலிருந்தே இப்பணியைத் தொடங்குவாராயின், வீட்டிலுள்ள சிறாரின் பற்களும் எலும்பும் உயிரும் காக்கப்படும்.