அலியாஸ் வைக்கலாம், அடைப்பைக் காலியாக விடக்கூடாது

ராஜபாளையம் நூல் மில்லுக்கு ஒரு ஸ்டாக் கணக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கு ஒன்று. பைத்தானில் எழுதினால் இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான்: சரக்கின் பெயர், அதற்கு எதிரே பதிவுகளின் லிஸ்ட். பதிவின் டைப் மட்டும் மாறும். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஜெனரிக் டைப் அலியாஸ். பைத்தான் 3 முதல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், அலியாஸுக்கு ‘இருப்பு’ என்றும், மாறும் பதிவு டைப்புக்கு ‘ப’ என்றும் பெயரிடுவோம்.

செய்ய வேண்டியவை

• 2023இல் வந்த பைத்தான் 3.12 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ‘டைப்’ வாக்கியத்திலேயே எழுதுங்கள் (டைப், டிக்ட் போன்ற பைத்தானின் சொற்களை நிரலில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்):
டைப் இருப்பு[ப] = டிக்ட்[எஸ்டிஆர், லிஸ்ட்[ப]]
பழைய பதிப்பில் ‘ப’வை டைப்வார் கொண்டு முதலில் அறிவிக்க வேண்டும்.

• பயன்படுத்தும் இடமெல்லாம் அடைப்பை நிரப்புங்கள்: இருப்பு[நூல்], இருப்பு[பால்கோவா].

• டைப் செக்கரான மைபையை ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டுங்கள். அடைப்பு விட்டுப்போன ஜெனரிக் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும்.

• கிலோ, கவுண்ட் போன்ற அளவுகளுக்கு நியூடைப் பயன்படுத்துங்கள்.

• செக்கர் என்ன புரிந்துகொண்டது என்று சந்தேகம் வந்தால், அந்த வரியில் ரிவீல்_டைப் போட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• வெறும் ‘இருப்பு’ என்று எழுதாதீர்கள். ‘ப’ இருக்கும் இடத்தில் செக்கர் ‘எனி’யைப் போட்டுக்கொள்ளும். பிறகு நூல் லிஸ்டில் பால்கோவா பதிவு நுழைந்தாலும், ஸ்ட்ரிக்ட் இல்லாத மைபை வாய் திறக்காது.

• அலியாஸ் புது டைப் ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். கிலோ, கவுண்ட் இரண்டையும் ‘இன்ட்’டுக்கு அலியாஸாக வைத்தால் செக்கருக்கு இரண்டும் ஒன்றே. மில்லில் அப்படியில்லை: கவுண்ட் கூடக் கூட நூல் மெலியும், அது எடைக் கணக்கே அல்ல. கிலோ கேட்கும் ஃபங்ஷனுக்கு 40 கவுண்ட்டை அனுப்பினாலும் பிழை காட்டாது.

• ஒரே ஒரு இடத்தில் வரும் டைப்புக்கு அலியாஸ் வேண்டாம். படிப்பவர் அர்த்தம் தேடி மேலே போக வேண்டியதுதான் மிச்சம்.

• லாட் எண், தேதி, விலை என்று விவரங்கள் சேர்ந்துகொண்டே போனால், டப்பிளுக்குள் டப்பிளாக அலியாஸை நீட்டாதீர்கள். டேட்டாகிளாஸ் எழுதும் வேளை அது.

• இஸ்இன்ஸ்டன்ஸுக்குள் ‘இருப்பு[நூல்]’ போடாதீர்கள். ஓடும்போது டைப்எரர் வரும். ‘டிக்ட்’ என்று மட்டும் கேளுங்கள்.

• எக்செலிலிருந்து வரும் கணக்கை டைப் குறிப்பு காப்பாற்றும் என்று விட்டுவிடாதீர்கள். செக்கர் படிப்பது நிரலை. கோப்பில் கிலோ இருக்க வேண்டிய கட்டத்தில் ‘இல்லை’ என்று யாரோ தட்டியிருந்தால் அதற்குத் தெரியாது. உள்ளே வரும் இடத்திலேயே சோதித்துவிடுங்கள்.