பழைய முகவரியில் தேடி வருபவர்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். 2003 முதல் எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் எழுதிவருகிறேன். பிரெஞ்சு நிர்வாகக் காலம் பற்றிப் பெரியவர்கள் சொன்னவை, மாங்கனித் திருவிழா, சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேட்டில் கேட்டு எழுதியவை என்று அறுநூறு கட்டுரைகளுக்கு மேல் இருக்கும். தளத்துக்கான மென்பொருளை என் அக்கா மகன் கல்லூரியில் படித்தபோது தானே எழுதிக் கொடுத்தான். இப்போது வெளிநாட்டில் வேலை, குடும்பம் என்று இருக்கிறான். தளத்துக்கு இடம் தரும் நிறுவனம் பழைய பிஎச்பியை நிறுத்தப்போவதாகச் சொல்கிறது. புதிய பதிப்பில் சோதித்தால் பக்கங்கள் வெறுமையாக வருகின்றன. வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்தத் தளத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? முதல் மூன்று ஆண்டுக் கட்டுரைகள் திஸ்கியில் உள்ளன. பாரிசிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் ஊர்க்காரர்கள் எழுதிய மறுமொழிகள் போய்விடுமோ என்பதுதான் பெரிய கவலை. அக்கா மகன் மனம் நோகுமோ என்றும் தயங்குகிறேன்.
– வாசகர், காரைக்கால்

பதில்: மாற்றிவிடுங்கள் ஐயா. அறிவிப்பில் சொன்ன தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய தளம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினால்தான் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.

உங்கள் அக்கா மகன் எழுதியதில் குறை தேட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பிஎச்பி கற்ற பெரும்பாலோர் தரவுத்தளத்தோடு பேச மைஎஸ்க்யூஎல்லுக்கான ஒரே ஆணைத் தொகுப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அதைக் கைவிடும்படி 2013-இல் பிஎச்பி எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பில் அடியோடு நீக்கியது. வெறும் பக்கம் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். உங்கள் எழுத்து எங்கும் போகவில்லை, தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துக் காட்டும் நிரல்தான் நின்றுபோயிருக்கிறது.

அவரிடம் இதையும் சொல்லுங்கள். வேர்ட்பிரஸின் மூலமும் இப்படி ஒருவர் தனியாக எழுதிய மென்பொருள்தான். 2001-இல் மிஷேல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் பி2 என்ற பெயரில் அதை வெளியிட்டார். அவரால் தொடர்ந்து கவனிக்க முடியாமல் போனபோது, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அந்த நிரலை எடுத்து வளர்த்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸாகக் கொண்டுவந்தார்கள். பி2 திறந்த உரிமத்தில் இருந்ததால் அது முடிந்தது. ஒருவர் கையை எடுத்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் தளத்துக்கு இதுவரை அந்த வழி இல்லை. இருபது ஆண்டு ஓடிய நிரலை எழுதியவருக்கு இது புரியும். அவரை ஒதுக்கிவிட்டுச் செய்யவும் கூடாது, ஏனென்றால் படம், அடிக்குறிப்பு, தடித்த எழுத்து இவற்றுக்காக அவர் சொந்தமாக ஏதாவது குறியீடு வைத்திருப்பார். அதன் பொருள் அவருக்குத்தான் தெரியும்.

இனி, யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத்தில் புழங்கிய தமிழ்க் குறியேற்றமான திஸ்கி. தமிழ்த் தளங்களின் இடமாற்றத்தில் அதிகச் சேதம் நடப்பது எழுத்துக் குறியேற்றத்தில்தான். ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. திஸ்கியில் ஒரு நல்ல குணம் உண்டு: ஆங்கில எழுத்துகளின் இடத்தை அது தொடுவதில்லை. அதனால் தமிழுக்கு நடுவே வரும் ஆங்கில, பிரெஞ்சுப் பெயர்கள் மாற்றியில் போட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்கே உரிய குறியிட்ட எழுத்துகளை மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதியது ஏதாவது இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருப்பதால், உண்மையான ஆங்கிலச் சொல்லும் மாற்றியில் புகுந்து பொருளற்ற தமிழாகிவிடும்.

முக்கியமானது, திஸ்கிக் கட்டுரைகளையும் யூனிகோடு கட்டுரைகளையும் ஒரே மூச்சில் மாற்றியில் போடாதீர்கள். எந்தக் கட்டுரை எண்ணிலிருந்து எந்த எண் வரை திஸ்கி என்று முதலில் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் என்எச்எம் மாற்றி போன்ற ஒன்றில் கொடுங்கள். மதுரைத் திட்டம் இந்த வழியைக் கடந்து வந்ததுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்கள் திஸ்கியில் வெளிவந்து, பின்பு யூனிகோடுக்கு மாற்றப்பட்டன.

யூனிகோடு கட்டுரைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் சுவீடனில் பிறந்தது. எட்டாம் பதிப்பு வரும் வரை, அதாவது 2018 வரை, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால் எல்லா எழுத்தையும் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகவே அது எண்ணிக்கொள்ளும். பழைய பிஎச்பி நிரல்கள் தமிழை அந்த அட்டவணைக்குள் அப்படியே திணித்து, அப்படியே எடுத்துக் காட்டின. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது யாராவது “யூனிகோடாக ஏற்றுமதி செய்” என்று சொன்னால், ஏற்கெனவே யூனிகோடாக இருப்பதை அது இன்னொரு முறை மாற்றும். தமிழ் இருந்த இடத்தில் மேலே குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அப்படி வந்தால் பதறாதீர்கள், மூலம் கெடவில்லை. பழைய குறியேற்றத்திலேயே, எந்த மாற்றமும் இல்லாமல் கோப்பை எடுத்து, அதன்பின் அதை யூனிகோடு என்று அறிவிக்கச் சொல்லுங்கள்.

அப்படியே ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளையும் ஒருமுறை சீராக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் தளத்தின் தேடுபெட்டியில் ‘கோயில்பத்து’ என்று தேடினால் பாதிக் கட்டுரைகள் அகப்படாமல் போகும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரைகளுக்கு இருபது ஆண்டாக முகவரிகள் இருக்கின்றன. ரீயூனியனில் இருக்கும் ஒருவர் தன் தாத்தா பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தின் முகவரியைக் குடும்பத்தாருக்கு அனுப்பியிருப்பார். யாரோ ஓர் ஆய்வு மாணவர் அதை அடிக்குறிப்பில் கொடுத்திருப்பார். புதுத் தளம் அழகாக அமைந்து, அந்த முகவரிகள் “பக்கம் இல்லை” என்று சொன்னால் அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது அழிந்துபோனதுதான். எனவே பழைய எண் ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய முகவரியை எழுதி ஓர் அட்டவணை தயாரியுங்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 என்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். தேடுபொறிகளும் அதைப் புரிந்துகொள்ளும்.

புதிய முகவரிகளைத் தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாக விடாதீர்கள். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு 200 இடங்களே ஒதுக்கியிருக்கிறது. மெய், உயிர்க்குறி, புள்ளி என்று ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே ஒன்பது இடம் பிடிக்கும். ‘மாங்கனித் திருவிழா நினைவுகள்’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘நினைவ’ என்பதோடு அறுந்துவிடும். பழைய எண்ணையே முகவரியாக வைத்துக்கொள்வது நல்லது. திருப்பிவிடும் வேலையும் அப்போது ஒரே விதியில் முடிந்துவிடும்.

மறுமொழிகள் போகாது, ஆனால் எந்தக் கோப்பு வடிவில் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எளிதென்று ஆர்எஸ்எஸ் கோப்பாக ஏற்றினால் கட்டுரைகள் மட்டுமே வரும். வேர்ட்பிரஸின் சொந்த ஏற்றுமதி வடிவில் மறுமொழிக்கும் இடம் உண்டு. தரவுத்தளத்தைப் படித்து அந்த வடிவில் எழுதித் தரும் சிறு நிரலை உங்கள் அக்கா மகனால் ஒரு விடுமுறை நாளில் எழுதிவிட முடியும். நேரக் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வழங்கி உலக நேரத்தில் ஓடியிருந்தால் நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருக்கும்; நள்ளிரவு தாண்டி வந்த மறுமொழி முந்தைய நாள் தேதியில் போய் உட்காரும். சுனாமி நாட்களில் வந்த மறுமொழிகளுக்குத் தேதியே சாட்சி. அதில் ஒரு நாள்கூடப் பிசகக் கூடாது.

தளம் எது என்றால், இடம் தரும் நிறுவனத்திலேயே வேர்ட்பிரஸை நிறுவி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இயக்கிவிடுங்கள். செருகுநிரல்கள் மிகக் குறைவாக இருக்கட்டும். அவற்றில் ஒன்றை எழுதியவர் கைவிட்டாலும் இன்றைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். முழுக்க இலவசமான இடங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. சேர்வது எவ்வளவு எளிது என்பதைவிட, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

முதலில் பத்துக் கட்டுரைகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்: இரண்டு திஸ்கி, படம் நிறைந்த ஒன்று, மறுமொழி மிகுந்த ஒன்று, பிரெஞ்சுப் பெயர்கள் வரும் ஒன்று என்று வேண்டுமென்றே சிக்கலானவற்றைப் பொறுக்குங்கள். படக் கோப்புறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால் படங்களின் முகவரி மாறாது. தரவுத்தளத்தின் முழு நகலையும் அக்கா மகன் எழுதிய நிரலையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக, இன்றே ஒன்றைச் சரிபாருங்கள்: தளத்தின் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? கல்லூரி நாட்களில் அவர் வைத்திருந்து, இப்போது திறக்காத மின்னஞ்சலாக அது இருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். அதை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.