பட்டை உரித்த வேம்பும் படி வெட்டிய தென்னையும்

சென்ற ஆண்டு தை மாதத்தில், எங்கள் ஊர்க் கிணற்றடியில் நின்ற வேம்பின் பட்டையை அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்திற்கு யாரோ இரவோடு இரவாகச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். மரத்தின் நிழல் வயலில் விழுகிறது என்பது சிலருடைய நெடுநாளைய மனக்குறை. காலையில் பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் மரம் வாடவில்லை. பங்குனியில் வழக்கம்போல் தளிர் விட்டது. சித்திரையில் முன்னெப்போதும் இல்லாத அளவிற்குப் பூத்துச் சொரிந்தது. "நீதான் செடி கொடி படிக்கிறியே, மரம் பிழைச்சுக்குமாய்யா?" என்று அப்பத்தா கேட்டார்கள். அப்போது நான் முதலாண்டு மாணவன். இலை பச்சையாக இருக்கிறதே என்ற ஒரே சான்றை வைத்துக்கொண்டு, "பிழைத்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போகிறவன் சொன்னதாயிற்றே என்று ஊரும் நம்பியது.

அதே கிணற்றடியில் இரண்டு தென்னைகள் உண்டு. ஏறுவதற்கு வசதியாக அடியிலிருந்து உச்சி வரை அரிவாளால் படி வெட்டப்பட்டவை. நான் பிறப்பதற்கு முன்பே வெட்டிய படிகள். அவ்வளவு காயங்களோடும் அவை இன்றும் காய்க்கின்றன. ஒரேயொரு காயத்தில் வேம்பு என்ன ஆகும், இத்தனை காயத்திலும் தென்னைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற வினாவிற்கு இரண்டாமாண்டு உள்ளமைப்பியல் செய்முறை வகுப்பில்தான் எனக்கு விடை கிடைத்தது.

சூரியகாந்தித் தண்டையும் மக்காச்சோளத் தண்டையும் பிளேடால் மெல்லிய சீவல்களாக அறுத்து, சாஃப்ரனின் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது நாமெல்லாம் செய்த பயிற்சிதான். மதிப்பெண்ணுக்காகப் படம் வரைந்து பாகம் குறித்து முடித்துவிடுகிறோம். சூரியகாந்தியில் வாஸ்குலார் கற்றைகள் ஒரு வளையமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு கற்றையிலும் உட்புறம் நீரைக் கடத்தும் சைலம். வெளிப்புறம் உணவைக் கடத்தும் புளோயம். இரண்டிற்கும் நடுவே கேம்பியம் என்னும் ஆக்குத்திசு. மக்காச்சோளத்திலோ கற்றைகள் தண்டு முழுவதும் இறைத்துவிட்டாற்போல் சிதறிக் கிடக்கின்றன, கேம்பியம் கிடையாது. வேம்பு சூரியகாந்தியின் வகை, தென்னையும் பனையும் மக்காச்சோளத்தின் வகை என்பதை நினைத்துக்கொண்டால் கிணற்றடிப் புதிரின் பாதி அவிழ்ந்துவிடும்.

வேம்பின் கேம்பியம் ஆண்டுதோறும் உட்புறமாகச் சைலத்தையும் வெளிப்புறமாகப் புளோயத்தையும் உண்டாக்குகிறது. சைலம் சேர்ந்து சேர்ந்து கட்டையாகிறது. அதன் நடுப்பகுதி நாளடைவில் நீர் கடத்துவதை நிறுத்தி வைரமாகிறது. புளோயமோ பட்டையின் உட்புறத்தில் மெல்லிய ஏடாக மட்டுமே இருக்கிறது. இலைகள் ஆக்கிய சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அந்த ஏடு ஒன்றுதான். பட்டையை உரிக்கும்போது அது முழுவதும் கையோடு வந்துவிடுகிறது. நீரோ உள்ளே கட்டை வழியாகத் தடையின்றி மேலேறுகிறது. இலைகள் பச்சையாக இருந்ததற்குக் காரணம் இதுவே. பூ மிகுந்ததற்கும் காரணம் உண்டு. கீழே போக வழியில்லாத சர்க்கரை மேலேயே தேங்கியது. மரம் செழித்ததாக நாங்கள் மகிழ்ந்த அந்த நாட்களில் வேர்கள் சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தன.

இத்தாலிய அறிஞர் மல்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே மரங்களில் வளையமாகப் பட்டையை உரித்து, வளையத்தின் மேல் விளிம்பு மட்டும் வீங்குவதைக் கண்டு எழுதியிருக்கிறார். அவருடைய தாவர உள்ளமைப்பு நூல் 1675லும் 1679லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. எங்கள் வேம்பிலும் மேல் விளிம்பு உதடுபோல் தடித்திருந்தது. நான்தான் அதைக் காயம் ஆறுவதாக எண்ணிக்கொண்டேன். கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும் தோட்டக்காரர் கிளையில் பட்டையை வளையமாக எடுப்பதும், மேல் விளிம்பிலிருந்து வேர் விடுவதும் இதே தத்துவந்தான். கெடுப்பதற்கும் ஆக்குவதற்கும் ஒரே வெட்டுப் பயன்படுகிறது.

நீர் மேலேறுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்து ஆழத்திலிருந்து நீரை உறிஞ்ச முடியாது என்பது உழவர் அனைவருக்கும் தெரியும். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டியிருக்கிறது. காற்றின் அழுத்தம் நீரைச் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் தாங்காது. நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது. பனை 30 மீட்டர் வரை வளர்கிறது. அதன் உச்சி ஓலைக்கு நீரை ஏற்றுவது எந்த மோட்டார்? 1894ஆம் ஆண்டில் டிக்சனும் ஜோலியும் கொடுத்த விடையே இன்றும் நிற்கிறது. இலையில் நீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுவிசை உண்டாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் அந்த நீர்த்தம்பம் அறுபடாமல் கயிறுபோல் ஏறுகிறது. ஜகதீச சந்திர போஸ் 1923இல் வெளியிட்ட நூலில், உயிருள்ள செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்று வாதிட்டார். அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு; எனினும் இவ்விஷயத்தில் அவர் கருத்து நிலைபெறவில்லை. நச்சுக் கரைசலில் நிறுத்தப்பட்ட மரத்தில் வழியிலுள்ள செல்கள் மடிந்த பின்னும் கரைசல் மேலேறியதை ஸ்ட்ராஸ்பர்கர் 1891லேயே காட்டியிருந்தார். நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் முதிர்ந்தபின் உயிரற்றவையே. செத்த பிறகு வேலைக்கு வரும் செல்கள் என்று எங்கள் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

புளோயம் அப்படியன்று. சல்லடைக் குழாயின் செல்லில் உட்கரு இல்லாவிட்டாலும் உயிர் இருக்கிறது. பக்கத்திலுள்ள துணைச்செல் அதைப் பேணுகிறது. இலையருகே சர்க்கரை செறிவதால் நீர் உட்புகுந்து அழுத்தம் கூடுகிறது. வேரிலோ கனியிலோ சர்க்கரை செலவாவதால் அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாட்டால் சாறு நகர்கிறது என்று ஜெர்மானியர் மூன்ச் 1930இல் விளக்கினார். இதற்குச் சான்று வேண்டுவோர் பனையேறியிடம் கேட்கலாம். பாளையை நாள்தோறும் மெல்லச் சீவினால்தான் பதநீர் வடியும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்து ஒழுக்கு நின்றுவிடும். வடிவது புளோயச் சாறு. அதனால்தான் அந்த இனிப்பு. வேரிலிருந்து ஏறும் நீர் அப்படி இனிக்காது.

இனித் தென்னைக்கு வருவோம். கற்றைகள் தண்டு முழுவதும் பரவியிருப்பதால் ஒரு படி வெட்டினால் விளிம்பிலுள்ள சில கற்றைகளே அறுபடுகின்றன. மற்றவை வேலை செய்கின்றன. வளையமாக உரித்தெடுக்க அங்கே பட்டை என்று ஒன்று இல்லை. கேம்பியம் இல்லாததால் புதுப் புளோயமும் உண்டாவதில்லை. ஆகவே பனையின் அடிப்பகுதியிலுள்ள சல்லடைக் குழாய்கள் அம்மரம் நிற்கும் காலமெல்லாம் உயிரோடு உழைக்கின்றன. வேம்பில் புளோயம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதை நினைத்தால் இது வியப்பே. அடிமரம் ஆண்டுதோறும் பருப்பதில்லை. ஆனால் நார்களின் சுவர் தடித்து வெளிப்பகுதி இறுகிக்கொண்டே போகிறது. ஓட்டு வீடுகளின் பனங்கைகள் அந்த வெளிப்பகுதியிலிருந்து அறுத்தவை. நடுப்பகுதி மென்மையானது, அதைக் குடைந்துவிட்டு நீர் பாயும் தூம்பாக வைத்ததும் உண்டு.

தொல்காப்பிய மரபியல் வெளிப்புறத்தில் காழ் உள்ளவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் காழ் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலிய பெயர்களைப் புல்லோடு சேர்க்கிறது. இதைக்கொண்டு அக்காலத்தார் கேம்பியத்தை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது மிகை. கோடரியால் வெட்டிப் பார்த்தவர்கள் கண்டதைச் சரியாக வகுத்தார்கள். அதுவே போதிய பெருமை. பனையையும் நாணலையும் மக்காச்சோளத்தையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே தொகுதியில் நாமும் வைக்கிறோம்.

தென்னை காயத்தைத் தாங்குகிறது என்பதால் படி வெட்டுவது நல்லதென்று கொள்ளக் கூடாது. வேம்பில் சிறு காயம் பட்டால் கேம்பியம் புதுத்திசுவால் அதை மூடிவிடும். தென்னையின் காயம் ஒருநாளும் மூடாது. மழைநீர் தங்கும், பூஞ்சையும் கூன்வண்டும் நுழையும். மேலும் பெரும்பாலும் அதற்கு வளர்முனை ஒன்றே. குருத்துப் போனால் மரம் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயலில் தலை முறிந்த தென்னைகள் வெறும் கம்பங்களாய் நின்றுபோயின. கிளை முறிந்த வேம்புகளோ மறுபடி துளிர்க்கக் கூடியவை.

வேம்பைக் காப்பாற்ற வழி இருந்திருக்கிறது. அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, காயத்தின் கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் கேம்பியத்தோடு கேம்பியம் பொருந்தச் செருகி, மெழுகிட்டுக் கட்டுவதைப் பாலஒட்டு என்பார்கள். அடிநுனி மாறாமல் வைக்க வேண்டும். வேர்கள் பசியால் மடியுமுன் செய்ய வேண்டும். நான் இதைப் படித்தபோது ஆடி முடிந்துவிட்டது. இலைகள் வெளுத்து உதிரத் தொடங்கியிருந்தன.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வளையத்திற்கு மேலிருந்து ஒரு துண்டுப் பட்டையையும் மண்ணைத் தோண்டி ஒரு துண்டு வேரையும் எடுத்து வந்தேன். செய்முறைக் கூடத்தில் இரண்டையும் சீவி அயோடின் விட்டுப் பார்த்தேன். பட்டையின் செல்களில் ஸ்டார்ச் மணிகள் கருநீலமாக நிறைந்திருந்தன. வேரில் நீலமே பிடிக்கவில்லை. இம்முறை அப்பத்தாவிடம், மரம் பிழைக்காது என்றும் முன்பு நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். "அது பூத்த பூவை நான் ரெண்டு பானை காயவச்சு எடுத்து வச்சிருக்கேன்" என்றார்கள்.