உலகமே சேர்ந்து எழுதிய காந்த நோட்டு

 

போன மாதம் அறிவியல் பீரியடில் காந்த ஊசியை வைத்து வடக்குத் திசை பார்த்தோம். என் ஊசி ஒரு பக்கம் காட்டியது, பக்கத்து பெஞ்ச் ஊசி வேறு பக்கம் காட்டியது. "எந்த இடத்துல வச்சுப் பார்த்தே? எத்தனை மணிக்கு?" என்று டீச்சர் கேட்டாங்க. நான் எதையுமே எழுதி வைக்கவில்லை. இரும்புக்கால் பெஞ்சில் வைத்தேனா, தரையில் வைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. "அப்ப இது கணக்குல சேராதும்மா" என்று சொல்லிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இரண்டு ஊர், ஒரே நாள்

பூமி ஒரு பெரிய காந்தம் என்று நமக்குத் தெரியும். ஆனால் காந்த ஊசி அசையாமல் நிற்பதில்லை. தினமும் மிகக் கொஞ்சமாக அசைகிறது. இதை 1722-ல் லண்டனில் கிரஹாம் என்பவர் கவனித்தார். 1741-ல் ஒரு நாள் அவருடைய ஊசி வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. அதே நாளில் சுவீடனில் உப்சாலா என்ற ஊரிலும் ஊசி ஆடியது. அங்கே பார்த்தவர் யார் தெரியுமா? நம்ம வெப்பநிலைப் பாடத்தில் வரும் செல்சியஸ்தான்! இரண்டு ஊர்க் குறிப்பையும் ஒப்பிட்டதால்தான், இது ஒரு கருவியின் கோளாறு இல்லை என்று தெரிந்தது.

பிறகு ஜெர்மனியில் காஸ், வெபர் இருவரும் பல ஊர்களில் ஒரே நேரத்தில் அளக்கச் செய்தார்கள். முடிவுகளை 1837 முதல் தொகுதிகளாக அச்சிட்டார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. அதன்பின் பல நாட்டு அளவுகளும் வேறு வேறு ஏடுகளில் சிதறிக் கிடந்தன.

இதழ் பிறந்தது

1896 ஜனவரியில் அமெரிக்காவில் லூயிஸ் பாயர் என்ற விஞ்ஞானி 'புவிக்காந்தம்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சர்வதேச இதழ் அது. அப்போது அவருக்கு முப்பது வயசுதான்! எந்த நாட்டில் அளந்தாலும் ஒரே இடத்தில் அச்சாகட்டும், எல்லோரும் படிக்கட்டும் என்பதே நோக்கம்.

ஊசி ஆடுவதற்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்? மிக உயரத்தில் காற்றில் மின்னோட்டம் ஓடுகிறது, அதுதான் ஊசியைத் தினமும் அசைக்கிறது என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-லேயே சொல்லியிருந்தார். 1899-ல் இதழின் பெயரில் 'வளிமண்டல மின்சாரம்' என்பதும் சேர்ந்தது. மேலே உள்ள அந்த மின் அடுக்கின் உயரத்தை ரேடியோ அலையை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு அளக்கலாம் என்று பிரைட், டியூவ் இருவரும் 1925-ல் இதே இதழில் சின்னக் குறிப்பு எழுதினார்கள். எதிரொலியும் கிடைத்தது! அந்த அடுக்கைத்தான் இன்று அயனி மண்டலம் என்கிறோம். 1949-ல் இதழ் 'புவி இயற்பியல் ஆராய்ச்சி இதழ்' எனப் பெயர் மாறியது. இன்றும் வருகிறது.

மும்பை நோட்டு

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 1859 செப்டம்பரில் சூரியனால் பெரிய காந்தப் புயல் வந்தது. மும்பை கொலாபா ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் கருவியைப் பார்த்துப் பார்த்து, நேரத்தோடு கையால் எழுதி வைத்தார்கள். காந்த அளவு சுமார் 1600 நானோடெஸ்லா குறைந்திருந்தது. 144 வருஷம் கழித்து, 2003-ல், இந்திய விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்த எண்களை ஆராய்ந்து எழுதினார்கள். எந்த இதழில்? பாயர் தொடங்கிய அதே இதழில்! எழுதினவங்க யாரும் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவங்க எழுதினது கணக்கில் சேர்ந்துவிட்டது.

நாமும் செய்வோம்

1. இடம், தேதி, நேரம் எழுதாத அளவு வீண்.
2. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதையும் எழுத வேண்டும்.
3. ஒருத்தர் அளந்தால் போதாது. பலர் அளந்து ஒப்பிட வேண்டும்.

நான் இப்போது வேப்பமரத்தடியில் ஊசி வைத்துத் தினமும் காலை 9 மணிக்குக் குறிக்கிறேன். நீங்களும் உங்கள் தெருவில் பார்த்து எழுதிக் கொண்டு வாருங்கள். அடுத்த சுவர் இதழில் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகப் போடுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி